வாரத்துக்கு ஒரு நாள் வெயில்

"ஜன்னலே இல்லாத ரூம். காத்து, வெளிச்சம் எதுவும் வராது. அங்கேயும் சாகாத செடி ஏதாவது இருக்கா?" மேனேஜரம்மா கேட்டாள்.

நர்சரிக்காரர் பாம்புக் கற்றாழைத் தொட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இது எதையும் தாங்கும். அங்க யாராவது புழங்குவாங்களா?"

"பழைய ஃபைல் போட்டு வெச்சிருக்கோம்," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"எவ்வளவு கெட்டிச் செடியா இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நாளாவது வெயில்ல வெச்சு எடுங்க. இல்லேன்னா மூணு மாசம் தாங்காது."

ஆபீசுக்கு வந்ததும் தொட்டியோடு தரைக்கு அடியில் இருந்த அந்த அறைக்கு இறங்கிக் கதவைத் தள்ளினாள். ஃபைல்களுக்கு நடுவிலிருந்து ரெக்கார்ட் கிளார்க் எழுந்து நின்றார். நாலு வருஷமாக அவருக்கு இடம் அங்கேதான். மாடிக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றையும் கிடப்பில் போட்டவள் அவள்தான்.

"எனக்காகவா மேடம்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நர்சரிக்காரர் சொன்னதை அவள் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வாரம் ஒரு நாள்தானே, நானே மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போறேன். அது வெயில்ல இருக்கிற வரைக்கும்..." தயங்கினார். "நானும் பக்கத்துல நின்னுக்கலாமா மேடம்?"