கண் மட்டும் பாக்கி

தங்கத்தாளும் கற்களும் பதித்த மகாலட்சுமி படத்தை நகைக்கடைக்காரர் பக்தியோடு கும்பிட்டார்.

"கண் மட்டும்தான் பாக்கி. அதை எப்பவும் கடைசியாத்தான் வரைவோம். அப்புறம்தான் தாயாருக்குப் பார்வை வரும்" என்றார் ஓவியர்.

"கண்ணு வேண்டாம். இப்படியே குடுத்துடுங்க."

"ஏன், நல்ல நாள் பார்த்து வீட்லயே திறக்கணுமா? நானே வந்து வரைஞ்சு தர்றேன்."

"வீட்டுக்கு இல்ல, கடைக்கு."

"கடையில எங்க மாட்டப் போறீங்க?"

"தராசுக்கு நேர் மேல ஆணி அடிச்சாச்சு."

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"சரி, நாளைக்கு வாங்க. பேக் பண்ணி வைக்கிறேன்."

நகைக்கடைக்காரர் தலை மறைந்ததும் ஓவியர் மெல்லிய தூரிகையை எடுத்து, கண்களை வழக்கத்தைவிடப் பெரிதாகவே வரைந்தார். தன் மகள் கல்யாணத்துக்கு அவர் நகை ஆர்டர் கொடுத்திருப்பது அந்தக் கடையில்தான்.