எல்லாரும் பாஸ்

ஐரோப்பாக்காரர்கள் பணத்தில் காவாந்தண்டலத்தில் நடக்கும் டியூஷன் சென்டரில், பத்தாவது எழுதிய கூலிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். ஷாரோன் டீச்சருக்கு ஊரே மாலை போட்டு, கேசரி ஊட்டியது.

திட்ட அதிகாரியும் வந்திருந்தார். "சந்தோஷம்மா. இந்த ஊருக்கு இனிமே உதவி தேவையில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு சென்டர் சாவிய குடுத்துடுங்க."

ஷாரோன் தலையாட்டினாள். கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு நடந்தாள். வழியில், அதே திட்டத்தில் நடக்கும் பக்கத்து ஊர் மாகறல் சென்டரின் வாத்தியார் பெஞ்சமின் போன் பண்ணினான்.

"அக்கா, எங்கூர்ல பாதி பேரு ஃபெயிலு. அதனால இன்னும் மூணு வருசத்துக்குப் பணம் தராங்களாம். இன்னொரு டீச்சர் வேணும், வரியா?"

"வரேன்."

"ஒன்னு மட்டும் பாத்துக்கக்கா. எல்லாரையும் பாஸ் பண்ண வெச்சுடாத."

ஷாரோன் மாலையைக் கழற்றிக்கொண்டே, "சரி" என்றாள்.