கைப்பிடி போட்ட மெஷின்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மரியபுஷ்பம் வீடு திரும்பியபோது, தம்பி அந்தோணிராஜ் அவளுடைய தையல் மெஷினை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, ஒரு மரப்பெட்டிமேல் ஏற்றிக் கைப்பிடி மாட்டி வைத்திருந்தான். "இனி மிதிக்கவே வேண்டாம்க்கா. கையால சுத்திக்கலாம்." அவளை ஒரு வார்த்தை கேட்டானா? ஒரு கை சுற்றப் போய்விட்டால், மிச்சமிருக்கும் ஒற்றைக் கை ரவிக்கைக் கழுத்தை எப்படி வளைத்துப் பிடிக்கும்? மூன்று மாதமாக ஒரு தையலும் நேராக விழவில்லை. முழங்கால் என்னவோ தேறிவிட்டது. ஸ்டாண்டு எங்கே என்று கேட்டபோதெல்லாம், பழைய இரும்புதானே, எங்கேயாவது கிடக்கும் என்றான்.

இன்று அவனுடைய புதுவீடு மந்திரிப்பு, பாதிரியார் வந்து ஜெபித்துக் குடியேற்றும் நாள். ஹாலின் நடுவில் நின்றது அந்த ஸ்டாண்டு. மிதியும் சக்கரமும் அப்படியே இருக்க, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். மேலே கிரானைட் பலகை, பூப்போட்ட விரிப்பு, கேக், கண்ணாடித் தம்ளர்கள். வந்தவர்கள் மெச்சினார்கள். "நானே யோசிச்சது," என்றான்.

மரியபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலுக்கு மிதி தானாக அகப்பட்டது. சக்கரம் கடகடவென்று சுற்ற, தம்ளர்கள் நடுங்கின.

"அக்கா, காலை எடு. எல்லாரும் பாக்கறாங்க."

"இப்பதான்டா எனக்கு ரெண்டு கையும் கிடைச்சிருக்கு."

விரிப்பை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்து, தைக்கிற துணியைத் தள்ளுவதுபோல, மிதிக்கு ஏற்றபடி நேராக அவன் பக்கம் தள்ளத் தொடங்கினாள். முதலில் கேக் நகர்ந்தது.