லண்டன் ரொம்பக் கிட்ட

1950-ல், மூன்று வருடம் கழித்துத் திருத்தணி வீட்டுக்கு வந்த ஜெயபால், சாப்பிட உட்கார்ந்ததுமே அம்மா மார்த்தாளிடம் விமானப் புராணம் ஆரம்பித்தான்.

"நாலு நாள் முன்ன வரைக்கும் நான் லண்டன்லதாம்மா. அங்கேர்ந்து பம்பாய் நாலாயிரத்து ஐந்நூறு மைல். பிளேன்ல ஒன்றரை நாள்தான். நீ கூப்பிட்டா பறந்து வந்துடுவேன்."

சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் பெருமையாக இருந்தது.

மார்த்தாள் மீன் குழம்பை ஊற்றினாள். "அரக்கோணம் இங்கேர்ந்து எவ்ளோ தூரம், நைனா?"

"எட்டு மைல். ரயில்ல அரை மணி."

"அதுக்கா உனக்கு ஒரு மாசம் ஆச்சு? போன மாசம் அரக்கோணம் சர்ச்சில, உன் மாமனார் பக்கத்துல உக்காந்துகினு இருந்தியே. நான் கடைசி பெஞ்சில இருந்தேன்."

ஜெயபாலின் கை சோற்றிலேயே நின்றது. "ஏம்மா கூப்பிடல?"

"எப்படிக் கூப்பிடறது? நீதான் அப்போ லண்டன்ல இருந்தியே" என்றாள் மார்த்தாள்.