சாயம் வெளுத்தது

"ஏட்டி ஸ்ரீதேவி, பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல நிக்காவ. நாத்தனா நீ ஆலாத்தி எடுக்காம மாடியில என்ன பண்ணுத?" அம்மா கீழிருந்து கத்தினாள்.

ஸ்ரீதேவி மாடியில் இருந்த பிளாஸ்டிக் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். களிமண்ணில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை ஏற்றி அவள் செய்த பொடி, சாயக்கழிவைத் தின்ன மாட்டேன் என்று ஆறு மாதமாக அடம்பிடித்தது. காலையில் வெயிலில் இருந்த சிவப்புத் தண்ணீரில் கடைசியாக ஒருமுறை தூவிப் பார்த்தாள். இப்போது பொடி அடியில் படிந்து, தண்ணீர் தெளிந்திருந்தது!

"யம்மா, சிவப்பு போயிட்டு! ஜெயிச்சிட்டேன்!" பேசினோடு இறங்கி ஓடிவந்தாள்.

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "உன் சாயத்த நேத்தே கொட்டிட்டேன். இது நான் அதே பேசின்ல ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு வச்சதுட்டி!"

ஸ்ரீதேவியின் முகம் ஒரு கணம்தான் வாடியது.

"அப்ப என் பொடி மஞ்சளத் தின்னுதும்மா!"