செபஸ்தியார் தெரு சிமெண்டு ரோடு

"ராணி, இன்னொரு நாள் பார்த்துக்கலாம். ஸ்கூல் லீவுதானே, ஒகேனக்கல் போய் மீன் சாப்ட்டுட்டு வரலாம்."

பேரூராட்சி அலுவலகப் படியில் நின்று கணவர் அந்தோணி பிரகாஷ் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

"மீன் எங்கியும் போயிடாதுங்க. பயமா இருந்தா நீங்க கார்லயே உக்காருங்க" என்று மேலே ஏறினாள் அருள்ராணி. அவள் கணக்கு டீச்சர். கணக்கு எங்காவது உதைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அவர் பெருமூச்சு விட்டபடி பின்னால் ஏறினார்.

உதைத்த கணக்கு இதுதான். சொத்து வரிக்காகத் தெருக்களை ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்திருந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் செபஸ்தியார் தெரு இந்த வருஷம் 'சி'யிலிருந்து 'ஏ'வுக்குத் தாவியிருந்தது. வரி இரண்டு மடங்கு. அடுத்த தெருவில் அதே அளவு வீடு வைத்திருக்கும் நாத்தனார் மட்டும் இன்னும் 'சி'யில் சுகமாக இருந்தாள். வரியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பொறுக்க முடியவில்லை.

அலுவலகத்தில் உதவியாளர் ஓடிவந்து இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கேட்காமலே டீ வந்தது. பொதுமக்களுக்கு அங்கே நாற்காலி கிடைப்பதே அபூர்வம். டீ, அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே இல்லை. ஆசிரியர்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று அருள்ராணி நெகிழ்ந்துபோனாள்.

வரி கிளார்க் பச்சியப்பன் மனுவைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு முறை கைக்குட்டையை எடுத்தார்.

"மனுவெல்லாம் எதுக்குங்க டீச்சர்? வூடு பழசு, செவுரெல்லாம் விரிசல்னு எழுதி நானே கொறச்சுடறேன்."

கேட்காமலே வரியைக் குறைக்க அவர் முன்வந்தது இருபத்தைந்து வருஷ சர்வீசில் அன்றுதான்.

"எங்க வூடா விரிசல்? ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல கட்டுனதுங்க. முந்நூத்தி எண்பது மூட்டை சிமெண்டு. நான் நின்னு எண்ணி எறக்குனேன். எனக்குச் சலுகை வேணாம், நியாயம் வேணும்."

அந்தோணி பிரகாஷ் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

செயல் அலுவலர் கோகிலா அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதனால் மனுக்களை முழுதாகப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கூடவே வைத்திருந்த இருபத்திரண்டு போட்டோக்களையும் பார்த்தார். தெருவின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆழம் தெரிவதற்காக ஸ்கேல் நிறுத்தி எடுத்திருந்தாள் அருள்ராணி. ஒரு படத்தில் மட்டும் ஸ்கேல் இல்லை, எருமை படுத்திருந்தது.

"ரோடு இவ்ளோ மோசமாயிடுச்சா?"

"மோசமாக ரோடுன்னு ஒண்ணு இருக்கணுமே மேடம். அங்க போடவே இல்லீங்க."

"ஃபைல்ல சிமெண்டு ரோடு, சாக்கடை ரெண்டும் முடிஞ்சதா இருக்கே. அதை வெச்சுத்தான் 'ஏ' மண்டலமே வந்தது."

அருள்ராணி மனுவைத் திரும்ப வாங்கினாள். போடாத ரோட்டைப் போட்டதாகக் கணக்குக் காட்டிய ஒப்பந்ததாரர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டாள்.

"பாவம், விடு ராணி" என்றார் அந்தோணி பிரகாஷ். "அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்."

"இருக்கட்டுமே. அந்தக் குடும்பமும் திருட்டுச் சோறுதானே திங்குது?"

கோகிலா மனுவில் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டார். பிறகு அந்த வேலையின் கோப்பைக் கேட்டார். பச்சியப்பனுக்கு பீரோ சாவி அகப்படவில்லை. மேசை, அலமாரி, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாம் தேடினார். கோகிலா அவர் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டிய பிறகு கிடைத்தது.

கோப்பைப் புரட்டிய கோகிலா கடைசிப் பக்கத்தில் நின்றார். மனுவில் 'கணவர் பெயர்' என்ற இடத்தைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் இனிஷியல் என்னங்க டீச்சர்?"

"எஸ். எதுக்குங்க மேடம்?"

கோகிலா கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பணி முடிந்த வருடம், இரண்டாயிரத்து இருபத்தொன்று. சிமெண்டு, முந்நூற்று எண்பது மூட்டை. கீழே ஒப்பந்ததாரர் கையெழுத்து. அதன் மேல் சின்னதாக ஒரு சிலுவை. மாதா கோயில் கல்யாணப் பதிவேட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே கையெழுத்து, அதே சிலுவை. வெளியூரில் மட்டும்தான் கான்ட்ராக்ட் வேலை என்பது அவர் வீட்டில் சொல்லியிருந்த கணக்கு.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அருள்ராணி கோப்பை மெதுவாக மூடினாள். கணக்கு இப்போது எங்கேயும் உதைக்கவில்லை.

"ரோடு இருக்குதுங்க மேடம்" என்றாள். "நாங்கதான் அதுல குடியிருக்கோம்."