ஜபார் சேரின் இங்கிலீசுச் சொல்

"இதுக்கு இங்கிலீசுல ஒரு சொல் இருக்கு, ஜுனைதா. டிஸ்சர்விஸ்!"

ஜபார் சேர் அதை இரண்டு தரம் சொன்னார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எத்தாளைப் பள்ளிவாசலின் தலைவர். அந்தச் சொல்லை ஊருக்கே தான்தான் இறக்குமதி செய்தவர்போல ஜுனைதா வீட்டுக் கதிரை நிறைய உட்கார்ந்திருந்தார்.

"அப்புடியெண்டா என்ன சேர்?" ஜுனைதா கதவோரம் நின்று கேட்டாள்.

"நல்லது செய்றேண்டு போய், அடுத்தவண்ட வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறது. நம்மட ஆக்கள்ட பரம்பரை வியாதி!"

ஜுனைதாவின் மகள் நஸ்ஹாவுக்கு மதுரங்குளியில் பேசிய சம்பந்தம் நேற்று முறிந்துவிட்டது. பெண்ணுக்கு முன்பு வலிப்பு வந்த கதை மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டிவிட்டதாம். அப்போது அறைக்குள் போன நஸ்ஹா இன்னும் வெளியே வரவில்லை.

"வலிப்பு நிண்டு எவ்வளவு காலம் சேர்! நிச்சயத்துக்கு முந்தி நானே பக்குவமாச் சொல்லத்தான் இருந்தேன்."

"அதுக்குள்ள எவனோ முந்திட்டான். 'ஐயோ, பாவம் அந்தப் புள்ள' எண்டு இரக்கப்பட்டே சொல்லியிருப்பான். வாயைப் பொத்தத் தெரியாத மடையன்!"

"மெதுவாப் பேசுங்க சேர். உள்ளுக்குப் புள்ள இருக்கு."

"கேக்கட்டும்! அவள் ஏன் வெக்கப்படணும்? அந்த மடையனெல்லோ வெக்கப்படணும்! வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய மைக்குல நாலு வார்த்தை கேக்கத்தான் போறேன். ஆள்ட பேரைச் சொல்லியே கேப்பேன்."

"மைக்குல வேணாம் சேர்."

"ஏன், பயமா? ஆள் யாரெண்டு உனக்குத் தெரியுமா?"

ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்தே சொன்னாள்.

"புள்ளைக்குத் துஆச் செய்யுங்க எண்டு ஒங்களிட்ட மட்டும்தானே சேர் சொன்னேன். போன ஜும்ஆவுல நீங்க மைக்குல, 'நம்மட ஜுனைதாட மகள் நஸ்ஹாவுக்கு அந்த வலிப்பு திரும்பி வராமப் போகணும்' எண்டு துஆக் கேட்டீங்க. புள்ளையப் பத்தி விசாரிக்க வந்த மாப்புளட வாப்பாவும் அண்டைக்கு முன் வரிசையிலதான் இருந்தாராம். எல்லாரையும் விடச் சத்தமா அவர்தான் ஆமீன் சொன்னாராம்."